யாருக்கு எறிந்த முட்டை

சிம்போத்தே, பெரு
மார்ச் 12, 1990

அன்புள்ள அண்ணன் வில்மருக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது உனக்குக் காய்ச்சலோ இருமலோ இருக்கக் கூடாது. இங்கே மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம் போல முனகுகிறது.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பின்பக்கம் 'அம்மா கேட்ட போட்டோ' என்று ஒரே வரி. அம்மா சந்தையிலேயே உறையைப் பிரித்தாள். உன் கன்னத்தில் ஏதோ மஞ்சளாக வழிகிறது. தலையில் வெள்ளையாக ஏதோ. உன் தோளைப் பிடித்துக்கொண்டு கந்தல் சட்டையோடு இன்னொருவன். அம்மா மீன் அறுக்கும் கத்தியை அப்படியே போட்டுவிட்டாள். "என் புள்ளைய அடிச்சிருக்கானுங்க. வெளிநாட்டுக்காரன்னு சேர்ந்து அடிச்சிருக்கானுங்க" என்று ஒரே அழுகை. எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன் செவிச்சே வாங்க நின்றவர்கள் வெறும் தட்டோடு முழித்தார்கள். கிழங்கு விற்கும் எதுவிகேஸ் அக்கா போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தார். "அடி வாங்குனவன் இப்படியா பல்லக் காட்டுவான்? உன் மவனுக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கும்." அம்மா அதற்கும் அழுதாள்.

படகு எஞ்சின் வேலையை முடித்து வந்த அப்பா, கை கழுவக்கூட இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், தூதரகத்துக்கு எழுது என்று என்னிடம் குதிக்கிறார். நான் எழுதுவதற்குள் நீ எழுது.

நான் பள்ளி முடித்த நாளிலிருந்து அம்மாவோடு நின்று மீன் குடல் எடுக்கிறேன். மீன்மாவு ஆலைப் புகை தலையில் ஏறி, எந்த சோப்புக்கும் இறங்குவதில்லை. பஸ் நிலையத்தில் நீ சொன்னதை மறக்கவில்லை. டாக்டருக்குப் படிக்க முதலில் நீ, அப்புறம் நான். நீ லா பிளாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் எவ்வளவு?

உன் தங்கை,
நோர்கா

*

லா பிளாத்தா, அர்ஜென்டினா
ஏப்ரல் 20, 1990

அன்புள்ள நோர்கா,

அப்பா, அம்மா, நீ, எல்லாரும் நலமென்று நம்புகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்: என்னை யாரும் அடிக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம். மருத்துவமோ சட்டமோ, கடைசித் தேர்வில் தேறி வெளியே வருகிறவனுக்காகப் படிக்கட்டில் நண்பர்கள் காத்திருப்பார்கள். முட்டை, மாவு, பழைய காப்பித்தூள், கையில் கிடைத்ததெல்லாம் அவன் மேல் எறிவார்கள். தலைமுடியைத் திட்டுத் திட்டாகக் கத்தரிப்பார்கள். சட்டையைக் கிழிப்பார்கள். பிறகு ஒரு வண்டியின் மேல் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். தெருவில் போகிறவர்கள் கை தட்டி "டாக்டர்" என்று கூவுவார்கள். எத்தனை நாற்றமடிக்கிறானோ அத்தனை மரியாதை.

அப்படி ஒரு நாள் எடுத்த போட்டோ அது. அன்று நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அது உண்மை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மரங்கள் இலை உதிர்க்கின்றன. அம்மாவை முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
வில்மர்

*

சிம்போத்தே
மே 28, 1990

டாக்டர் வில்மர் சிஃபுவெந்தேஸ் அவர்களுக்கு,

டாக்டருக்கு நலம் விசாரித்து எழுதுவது சரியா? இருந்தாலும், சுகமா?

உன் கடிதத்தை மேஜையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். 'டாக்டர் என்று கூவுவார்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நம் மிராமார் பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை படகுக்காரர்கள் எல்லாரும் வாசலில். ஒரே தம்ளர் பீர் கை மாறிக்கொண்டே இருந்தது. அப்பா ஒவ்வொருவரிடமும், "முட்டைய மேல வீசுறாங்கய்யா, அங்க அதான் பட்டம்" என்கிறார். எதுவிகேஸ் அக்கா, "இங்க முட்டை விக்கிற விலைக்கு, நம்ம ஊர்ல டாக்டரே கெடையாதுன்னு ஆயிரும்" என்றார்.

வாசலில் மாட்ட, 'டாக்டர்' என்று உன் பெயர் போட்ட பித்தளைப் பலகைக்கு அப்பா சொல்லிவிட்டார். முன் அறையிலிருந்து வலைகளை வெளியே எடுத்துவிட்டோம். வெள்ளையடித்தாயிற்று.

இப்போது என் முறை. சேர்க்கை எந்த மாதம்? என்ன சான்றிதழ் வேண்டும்? நீ திரும்பி வருமுன் உன் அறையை எனக்குப் பேசி வை. உன்னை ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு பெரிய செய்தியை ஒரு போட்டோவின் பின்னால் யாராவது ஒரு வரியில் அனுப்புவார்களா?

சந்தோஷத்தில் தூக்கம் இல்லாத உன் தங்கை,
நோர்கா

*

லா பிளாத்தா
ஜூலை 30, 1990

அன்புள்ள நோர்கா,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

இங்கே இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீர் கையை அறுக்கிறது. பட்டச் சான்றிதழ் விஷயமெல்லாம் இந்த நாட்டில் எளிதில் நடக்காது. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வருஷம்கூட ஆகலாம். அதனால் பலகை இப்போது வேண்டாம் என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

நீ வருவதைப் பற்றி. இந்த வருஷம் நல்ல நேரமில்லை. எல்லாம் விலை ஏறுகிறது. கொஞ்சம் பொறு. அம்மா பாவம், தனியாக என்ன செய்வாள்?

அன்புடன்,
வில்மர்

*

சிம்போத்தே
செப்டம்பர் 2, 1990

அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அம்மா பாவம் என்று எழுதியிருந்தாய். அவள் ஆறு வருஷமாகவே பாவம்தான். உனக்கு இப்போதுதான் தெரிந்ததா?

ஆகஸ்டில் இங்கே விலைவாசி ஒரே நாளில் எகிறியது. அடுத்த நாள் காலை ரொட்டிக் கடை முன்னால் ஆட்கள் கையிலிருந்த நோட்டைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். அந்த வாரமே அப்பா என் கதையை முடித்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர் போதும். ரெண்டு பேரும் டாக்டர்னா நோயாளி யாரு, நானும் உங்கம்மாவுமா?" நான் சிரிக்கவில்லை. "அண்ணன் வந்ததும் நீ முன் ரூம்ல உக்காரு. வர்றவங்க பேரக் கேட்டு உள்ள அனுப்பு" என்றார். "அப்ப எனக்கு?" என்றேன். "உனக்கென்ன, நல்ல நாற்காலி வாங்கித் தர்றேன்."

நாற்காலி! நீ டாக்டர் ஆனால் எனக்கு வழி திறக்கும் என்று நினைத்தேன். நீ ஆனதால் அடைத்துக்கொண்டது.

அன்று அந்தப் போட்டோவை வெயிலில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். உன் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தலைமுடி திட்டுத் திட்டாக இருக்கிறது. சட்டை நார்நாராக இருக்கிறது. உனக்கு முடி ஒழுங்காக வாரியிருக்கிறது, மேலே மாவு மட்டும். சட்டைப் பொத்தான் ஒன்றுகூட அறுந்து போகவில்லை. முட்டை உன் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவனைக் கட்டிப்பிடித்த பக்கம்.

வளைக்காமல் கேட்கிறேன். யாருக்கு எறிந்த முட்டை அது?

நோர்கா

*

சிம்போத்தே
அக்டோபர் 25, 1990

அண்ணா,

உயிரோடு இருக்கிறாயா? செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு இன்னொன்றும் போட்டேன். தபால்காரரைக் கேட்டால், "டாக்டருங்க கையெழுத்து புரியாதும்மா, வேற வீட்டுக்குப் போயிருக்கும்" என்று கிண்டல் செய்கிறார்.

பலகை வந்துவிட்டது. அப்பா தினமும் துடைக்கிறார். பதில் எழுது.

நோர்கா

*

லா பிளாத்தா
நவம்பர் 18, 1990

நோர்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் நலம் என்று சொல்ல எதுவும் இல்லை.

அந்த முட்டை ஃபாபியானுக்கு எறிந்தது. என்னோடு முதல் வருஷத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அன்று அவன் கடைசித் தேர்வில் தேறினான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். யாரோ எடுத்தார்கள். என்னிடம் நான் சிரிக்கிற போட்டோ வேறு எதுவும் இல்லை. அதனால் அதை அனுப்பினேன். நான் தேறியதாக எங்கும் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் எல்லாரும் பீர் குடித்தபோது, இல்லை என்றும் எழுதவில்லை.

நான் இரண்டாம் வருஷத்தைத் தாண்டவில்லை. உடற்கூறு இறுதித் தேர்வு இங்கே வாயால் சொல்ல வேண்டும். மேஜையில் ஒரு சின்னக் கம்பிக் கூண்டு, உள்ளே எண் போட்ட பந்துகள். சுற்றினால் ஒன்று விழும். அந்த எண்ணுக்கு உரிய பாடத்தைப் பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டும். அவர்கள் நியாயமாகத்தான் இருந்தார்கள். பொறுமையாகக் காத்திருந்தார்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, வாயில் வார்த்தை வரவில்லை. மறுபடி போனேன், மறுபடி வரவில்லை. இந்த ஊரில் யாரும் உன்னைத் துரத்த மாட்டார்கள். ஒரு தேர்வைப் பாக்கி வைத்துக்கொண்டே தலை நரைக்கலாம். நான்கு வருஷமாக நான் கல்லூரிக்குள் போவதில்லை.

கத்தால்தோ என்பவரின் காய்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறேன். அவர் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். "டாக்டர், அந்த உருளைக்கிழங்கு மூட்டைக்கு மூச்சு இருக்கான்னு பாத்து இங்க தூக்கிட்டு வா." வாங்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்பாவிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வில்மர்

*

சிம்போத்தே
டிசம்பர் 14, 1990

அண்ணா,

தேறாமல் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. வாய் வராமல் போனதற்கும் இல்லை. நீ உட்கார்ந்திருந்தது என் நாற்காலியில். உட்காரப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து, 'நோர்கா, நீ வா' என்று சொல்லியிருக்கலாம். நான்கு வருஷம் அந்த இடம் காலியாகக் கிடந்தது. நான் இங்கே மீன் குடல் எடுத்தேன்.

அப்பாவிடம் சொல்ல மாட்டேன். உனக்காக இல்லை. அது உன் வேலை, அதையும் நான் செய்ய முடியாது.

நான் வருகிறேன். சான்றிதழ்களில் முத்திரை வாங்கிவிட்டேன். ஜனவரி கடைசியில் பஸ்ஸில் தாக்னா எல்லை வழியாகப் புறப்படுகிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். கையிலிருந்த எலுமிச்சையைப் பிழிந்து முடித்தாள். பிறகு, "உங்கப்பா கடலுக்குப் போற நாளாப் பாத்துப் போ" என்றாள். அவ்வளவுதான்.

நான் வரும்போது நீ அறையில் இருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

நோர்கா

*

(காய்கறிக் கடையில் கொடுத்து வைத்த சீட்டு)

லா பிளாத்தா
ஜனவரி 29, 1991

நோர்கா,

பயணத்தில் உடம்பு கெடாமல் வந்து சேர்ந்திருப்பாய்.

அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. 'நோர்கா ஓடிவிட்டாள். பலகை மாட்டியாயிற்று. உடனே வா.' போகிறேன். வழியில் எங்கோ உன் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டியிருக்கும்.

அறைச் சாவி கத்தால்தோவிடம். கம்பளி கட்டிலுக்கு அடியில். புத்தகங்கள் எல்லாம் உனக்கு.

உனக்காகக் காத்திருக்காதது தந்தியால் என்று நினைத்துக்கொள்.

வில்மர்

*

சிம்போத்தே
பிப்ரவரி 20, 1991

அன்புள்ள நோர்கா,

நீ சுகமா? இங்கே இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை இப்போது.

பத்திரிகையில் பார்த்திருப்பாய். காலரா. காலையில் நடமாடியவர்கள் சாயங்காலம் வற்றிச் சுருங்கிக் கிடக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தாழ்வாரமெல்லாம் ஆட்கள். பள்ளிக்கூடத்திலும் கட்டில் போட்டிருக்கிறார்கள். இந்தக் குடிசைகளுக்கு ஒரு நல்ல குழாய் போட எந்த அரசாங்கத்துக்கும் கை வரவில்லை. இப்போது ஒலிபெருக்கி வைத்துக் கை கழுவச் சொல்கிறார்கள். எந்தத் தண்ணீரில்?

நான் வந்து இறங்கிய நாளே பலகையைப் பார்த்து வாசலில் கூட்டம். எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புகிறேன். "எவ்வளவு அடக்கம் பாரு, பெரிய டாக்டர்களுக்கு மரியாதை குடுக்கிறாரு" என்கிறார்கள். அப்பா மார்பை நிமிர்த்திக்கொள்கிறார்.

விஷயம் இதுதான். பச்சை மீன் சாப்பிட வேண்டாம் என்று வானொலியில் சொன்ன அன்றிலிருந்து அம்மாவிடம் ஒரு தட்டு செவிச்சே போகவில்லை. நேற்று எனக்கு முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். "'இந்தக் கடை மீன் சுத்தமானது'ன்னு எழுதி, டாக்டர்னு கையெழுத்துப் போடுப்பா. கடை முன்னாடி ஒட்டிக்கிறேன். என் கை சுத்தம் உனக்குத் தெரியாதா?" அவள் கை சுத்தம்தான், நோர்கா. கடல்தான் சுத்தமில்லை. நாளைக்கு எழுதுகிறேன் என்றேன். இன்றும் நாளைக்கு என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அப்பா முதலில் செய்யப்போவது உன்னைத் திரும்பக் கூப்பிடுவதுதான். அதை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறேன்.

என்ன செய்யட்டும்?

வில்மர்

*

லா பிளாத்தா
மார்ச் 12, 1991

அண்ணா,

அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறாளா? அப்பா? அதை முதலில் எழுது.

என்னைச் சாக்காக நிறுத்தாதே. நான்கு வருஷம் பேசாமல் இருந்தது யாருக்காக? அப்போது நான் இங்கே இல்லையே.

கையெழுத்துப் போடாதே. எதுவிகேஸ் அக்கா மாதிரி ஒருவர் அந்தக் காகிதத்தை நம்பி ஒரு தட்டு சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தால், அதற்கப்புறம் நாம் யாரும் அந்தத் தெருவில் நடக்க முடியாது.

நீ எழுதியதில் ஒன்று சரி. அப்பா கூப்பிடுவார். கூப்பிட்டால் எனக்குத் தாங்காது. அம்மா கடை மூடிக் கிடக்கும்போது, 'வர மாட்டேன், படிக்க வேண்டும்' என்று எழுத எனக்குக் கை வராது. பெட்டியைக் கட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அப்படியும் சொல்கிறேன், சொல்லிவிடு.

காலையில் மருத்துவக் கல்லூரி நுழைவு வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் உன் இடத்தில்தான் மூட்டை தூக்குகிறேன். கத்தால்தோ முதல் நாளே, "அண்ணன் போய்த் தங்கச்சி வந்தாச்சு. அடுத்து மொத்த பெருவுமா?" என்றார். "ஆமா. பெரிய கடையாப் பாத்து வாங்குங்க" என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கிறேன். என் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். மறுபடியும் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நீ ஏதாவது ஒன்றைச் செய்திருப்பாய். எது என்று தெரியாமல் இங்கே கால் தரிக்கவில்லை.

நோர்கா

*

சிம்போத்தே
மார்ச் 24, 1991

அன்புள்ள நோர்கா,

அப்பாவும் அம்மாவும் சுகம். தண்ணீர் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். உன் பதில் இன்னும் வரவில்லை. நான் காத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன். அம்மா மீனை அறுத்து, எலுமிச்சை பிழிந்து, வெங்காயம் தூவி, வாங்க ஆளில்லாமல் நின்றாள். என்னைப் பார்த்ததும் எதுவிகேஸ் அக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். "டாக்டர் ஒரு வார்த்த சொல்லட்டும். மொதத் தட்டு நான் திங்கிறேன். அப்புறம் பாருங்க, எல்லாரும் வருவானுங்க." சுற்றிலும் கடைக்காரர்கள். எல்லாருக்கும் வியாபாரம் செத்துக் கிடக்கிறது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அதத் திங்காதீங்கக்கா. நான் டாக்டர் இல்ல. ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டேன்."

"கம்பவுண்டர்கூட இல்லியா?" என்றான் ஒருவன். இல்லை என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அம்மா நின்றாள். பிறகு பாத்திரத்தைத் தூக்கி, அவ்வளவு மீனையும் குப்பையில் கொட்டினாள். திரும்பி நடக்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "அந்தப் போட்டோவுல உன்ன அடிச்சுட்டாங்கன்னு அழுதேன். அதுவே உண்மையா இருந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்து அப்பாவின் திருப்புளியை எடுத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். எல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. "எத்தனை வருஷமா?" என்றார். நாலு என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் இறங்கும்வரை.

இப்போது பள்ளிக்கூடத்தில் வாளி தூக்குகிறேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுக்கிறேன். யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. அம்மா ஒரு அடுப்பு வாங்கி மீனைப் பொரித்து விற்கப் பார்க்கிறாள்.

இன்று சாப்பாடு முடிந்ததும் அப்பா காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "அவளுக்கு எழுது. என் கண்ணு முன்னாடி எழுது" என்றார். எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மேலே உள்ளதை எழுதும்வரை பொறுத்திருந்தார். இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

'மகளுக்கு. உன் அண்ணன் அங்கே படித்துக் கிழித்தது போதும். இந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆளை அந்த ஊருக்குக் கொடுக்க என்னால் முடியாது. உன் அம்மா ஒற்றை ஆளாக நிற்கிறாள். கிடைத்த பஸ்ஸில் ஏறி வா. உன் மேல் கோபம் இல்லை. அப்பா.'

இதுவரை அவர். இனி நான்.

வராதே, நோர்கா. அம்மாவோடு நான் நிற்கிறேன். மீன் குடல் எடுக்க எனக்கும் கை இருக்கிறது. ஆறு வருஷம் நீ எனக்காக நின்றாய். இனி எத்தனை வருஷமானாலும் நான் நிற்பேன். அப்பா மறுபடி எழுதச் சொன்னால், மறுபடி இதையே எழுதுவேன். வராதே.

எழுதியதை முழுதாக அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கடைசில நீ எழுதுனத அடி" என்றார். மாட்டேன் என்றேன். இத்தனை வயதில் அவரிடம் நான் மாட்டேன் என்றது இதுதான் முதல் தடவை. கையை நீட்டினார். கொடுத்தேன். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். தான் சொன்னது எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டார். விரலால் காட்டினேன். அந்த இடத்தைத் தன் விரலாலும் தொட்டார். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து படகுப் பக்கம் போய்விட்டார்.

உறையை ஒட்டப் போகிறேன். நலமா என்று கேட்டு முடிக்க வேண்டிய இடம் இது. வகுப்பு ஆரம்பித்துவிட்டதா?

வில்மர்